கல்லூரி வாசலோடு நின்றுவிடும் சீட்டு

தோழா!

காலை ஏழரை மணிக்கு வியாசர்பாடியிலோ திருவொற்றியூரிலோ பல்லாவரத்திலோ ஒரு பேருந்து நிறுத்தத்தில் அரைமணி நேரம் நின்று பார். கையில் ஏடு, தோளில் பை, கண்ணில் கலக்கம் - இப்படி ஒரு மாணவன் நிற்பான். வண்டி ஒன்று வரும். எட்டிப் பார்ப்பான். சொகுசு வண்டி! விட்டுவிடுவான். இன்னொன்று வரும். அதுவும் சொகுசு! அதையும் விட்டுவிடுவான். மூன்றாவதாக வெள்ளைப் பலகை தாங்கிய சாதாரண வண்டி, தேரடியிலே திணறும் தேர்போல அசைந்தாடி வரும். அது அவனுடைய வண்டி. ஆனால் அதிலே அவனுக்கு இடம் இல்லை! படியிலே ஒரு கால், காற்றிலே ஒரு கால், கம்பியிலே ஒரு கை, கனவிலே ஒரு பட்டம் - இப்படித்தான் தொடங்குகிறது தலைநகரத்து ஏழை மாணவனின் கல்வி!

"இது என்ன பெரிய செய்தி? பேருந்துக் கூட்டம் நாள்தோறும் காணும் காட்சிதானே!" என்பர் சிலர். நாள்தோறும் காண்பதாலேயே நம் கண்ணில் படாமற் போன காட்சி இது. இந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சற்று உற்று நோக்குவோம், வா.

கல்லூரிக்குச் செல்ல வேண்டிய பிள்ளைக்கு இந்தச் சென்னையிலே எத்தனை வழிகள் திறந்திருக்கின்றன? மின்சார ரயில் உண்டு. 5 ரூபாயில் தொடங்கும் கட்டணம். கும்மிடிப்பூண்டியிலிருந்தும் திருவள்ளூரிலிருந்தும் செங்கற்பட்டிலிருந்தும் விடியுமுன் எழுந்து ஓடிவரும் பிள்ளைகளை அது சுமக்கிறது. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்குப் பறக்கும் ரயில் உண்டு. சேப்பாக்கத்தில் இறங்கினால், 1840இல் தோன்றிய மாநிலக் கல்லூரியும் 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகமும் நடந்து செல்லும் தொலைவு. மெட்ரோ ரயில் உண்டு. 2015இல் ஓடத் தொடங்கியது. குளிர்காற்றும் பளபளப்பும் உண்டு. 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாய் வரை கட்டணமும் உண்டு. பச்சையப்பன் கல்லூரியின் பெயரிலேயே ஒரு நிலையம்கூட உண்டு! கல்லூரியின் பெயரைத் தாங்கிய நிலையம். ஆனால் கல்லூரி மாணவன் கையிலுள்ள பேருந்துச் சலுகைச் சீட்டு அந்த நிலையத்தின் கதவைத் திறக்காது. ஷேர் ஆட்டோ உண்டு. கேட்ட இடத்தில் நிற்கும், கேட்ட பணத்தைக் கொடுத்தால்! இவை எதுவும் கூடிவராதவனுக்கு, இயற்கை அன்னை இலவசமாக வழங்கிய இரண்டு கால்கள் உண்டு.

இவற்றுக்கெல்லாம் நடுவிலே ஏழைப் பிள்ளையின் நம்பிக்கைத் தூணாக நிற்பது மாநகர் போக்குவரத்துக் கழகத்தின் வண்டிதான். 1972இல் 'பல்லவன்' என்ற பெயரோடு பிறந்து, பிறகு பெயர் மாறிய நிறுவனம் அது. பேருந்து தனியார் முதலாளியின் பெட்டியை நிரப்பும் பொறியாக இல்லாமல், மக்களின் உடைமையாக இருக்க வேண்டும் என்ற கொள்கையின் குழந்தை அது. அரசுக் கல்லூரியில் பயிலும் மாணவருக்கு அதிலே இலவசச் சீட்டு உண்டு. தனியார் கல்லூரியில் பயில்வோருக்குப் பாதிக் கட்டணச் சலுகை உண்டு. இதை மறைக்க மாட்டேன். மறைப்பது நம் வழக்கமும் அன்று. இந்தியாவின் பல மாநிலங்கள் இன்னும் எட்டாத உயரம் இது.

பிறகு என்ன குறை என்கிறாயா? நான் நாடகக்காரன். குறையைக் கட்டுரையாகச் சொல்வதைவிடக் காட்சியாகக் காட்டுவது எனக்கு எளிது. திரையை விலக்குகிறேன்.

இடம்: ஓடும் பேருந்து. காலம்: மாலை நான்கு மணி. ஒரு மாணவன்; ஒரு நடத்துநர்.

நடத்துநர்: சீட்டு... சீட்டு... தம்பி, சீட்டு எடு.

மாணவன்: பாஸ் இருக்கிறது, அண்ணே.

நடத்துநர்: (வாங்கிப் பார்த்து) இது உன் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போக அல்லவா? இந்த வண்டி கோட்டூர்புரம் போகிறதே!

மாணவன்: ஆமாம் அண்ணே. நூலகத்துக்குப் போகிறேன். கல்லூரியில் அந்தப் புத்தகம் இல்லை.

நடத்துநர்: புத்தகம் எங்கே இருக்கிறது என்பது எனக்கெதற்கு, தம்பி? இந்தச் சீட்டு எங்கே செல்லும் என்பதுதான் எனக்குத் தெரியும். அடுத்த நிறுத்தத்தில் பரிசோதகர் ஏறினால் என் வேலைக்கல்லவா ஆபத்து?

மாணவன்: என்னிடம் சில்லறை இல்லை, அண்ணே.

நடத்துநர்: (நெற்றியைத் துடைத்துக்கொண்டு) எனக்கும் உன் வயதில் ஒரு பிள்ளை இருக்கிறான். என்ன செய்ய? இறங்கிக்கொள், தம்பி.

திரை!

இந்தக் காட்சியிலே தீயவன் யார், தோழா? நடத்துநரா? அவர் விதியைக் காத்தார். மாணவனா? அவன் அறிவைத் தேடினான். இருவருமே குற்றமற்றவர், ஆயினும் இருவருமே தலைகுனிந்து நிற்கின்றனர். குற்றவாளி மேடைக்கு வரவே இல்லை. அவன் அந்தச் சீட்டின் மேலே அச்சடிக்கப்பட்டிருக்கிறான்: 'இவ்விடத்திலிருந்து இவ்விடம் வரை'!

வீட்டிலிருந்து கல்லூரி, கல்லூரியிலிருந்து வீடு. செக்குமாடு சுற்றும் வட்டத்தைவிடச் சற்றே பெரிய வட்டம்! ரயில்வேயின் சலுகைச் சீட்டும் இவ்வாறே. கல்வி என்றால் நான்கு சுவர்களுக்குள் நடப்பது மட்டுந்தான் என்று எண்ணியவர் எழுதிய விதி இது. 2010இல் கோட்டூர்புரத்திலே அண்ணா நூற்றாண்டு நூலகத்தை எழுப்பினோமே, யாருக்காக? எழும்பூரிலே கன்னிமரா நூலகம் நூற்றாண்டைக் கடந்து நிற்கிறதே, யாருக்காக? கல்லூரி முடிந்து மாலையிலே கடையில் கணக்கெழுதி, இரவிலே பாடம் படிக்கும் பிள்ளை வேலைக்கு எப்படிப் போவான்? போட்டித் தேர்வுக்குப் பயிற்சி பெறப் போகும் பெண்ணின் தம்பி எப்படிப் போவான்? சொந்தக் காரில் வரும் பிள்ளைக்கு நகரம் முழுவதும் பல்கலைக்கழகம். சலுகைச் சீட்டில் வரும் பிள்ளைக்கு நகரம் ஒரே ஒரு தெரு! கடலைத் தாண்ட ஆசை உண்டு, கால்வாயைத் தாண்டக் கால் இல்லை என்று நம் பாட்டிமார் சொன்னது இவனைப் பார்த்துத்தானோ?

என்னைப் பற்றி ஒரு சொல். இங்கு அது தேவைப்படுகிறது. நானும் கல்லூரிப் படியை மிதித்தவன்; பட்டத்தை எட்டாதவன். காலையில் கல்லூரி, மாலையில் ஓர் அச்சகத்தில் வேலை. சீட்டு காலைக்கு உதவியது, மாலைக்கு உதவவில்லை. அச்சகம் வேறு திசையில் இருந்தது. வாங்கிய கூலியில் ஒரு பகுதி வண்டிக்கே போயிற்று. மாதக் கடைசியில் நடந்தேன். நடந்த அலுப்பில் வகுப்பில் உறங்கினேன். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் நின்றுவிட்டேன். பேருந்துக் கட்டணம் ஒன்றே என்னைக் கல்லூரியிலிருந்து இறக்கிற்று என்று சொன்னால் அது மேடைக்கு நன்றாயிருக்கும், உண்மையாயிராது. வீட்டு வறுமை, என் சொந்தச் சோம்பல், நாடகத்தின்மீது கொண்ட மோகம் எல்லாம் சேர்ந்தே இறக்கின. ஆனால் பாரம் ஏற்றிய ஒட்டகத்தின் முதுகிலே அதுவும் ஒரு மூட்டை. அந்த மூட்டையை இறக்கி வைப்பது அரசுக்கு எளிது என்பதால்தான் அதைப் பற்றிப் பேசுகிறேன்.

"பசியை நீக்கினீர்கள், கட்டணத்தைக் குறைத்தீர்கள், இனிப் பயணமுமா?" என்று முகம் சுளிப்போர் உண்டு. அவர்களுக்கு நம் வரலாற்றையே விடையாக வைக்கிறேன். 1920இல், நீதிக்கட்சியின் தியாகராயர் சென்னை மாநகராட்சியின் தலைமைப் பொறுப்பில் இருந்த நாளில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு அளித்தார்கள். அன்றும் கேட்டார்கள்: "பள்ளிக்கூடமா, சாப்பாட்டுக் கடையா?" 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு மாநிலமெங்கும் பரவிற்று. 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவாக விரிந்தது. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. கட்சிகள் மாறின, ஆட்சிகள் மாறின, கொள்கை மாறவில்லை. வயிறு, அறிவுக்குத் தடையாய் இருக்கக்கூடாது! அந்தக் கொள்கையின் அடுத்த வரி என்ன? தொலைவும் அறிவுக்குத் தடையாய் இருக்கக்கூடாது! முதல் வரியை எழுதிய நாடு, இரண்டாம் வரியை எழுதக் கை நடுங்கலாமா?

அடுத்து, "பேருந்துக் கட்டணம் ஒரு சிறு செய்தி, அரசியல் ஏட்டில் அதற்கு இடமா?" என்பார் உண்டு. அவர்கள் உலக வரலாற்றைச் சற்றுப் புரட்டட்டும். 1953 ஜூலையில் கல்கத்தாவிலே, வெள்ளையர் நிறுவனம் நடத்திய டிராம் வண்டியின் இரண்டாம் வகுப்புக் கட்டணம் ஒரே ஒரு பைசா உயர்ந்தது. ஒரு பைசா! மாணவரும் தொழிலாளரும் தெருவிலே இறங்கினர். மாதம் முழுதும் நகரம் கொதித்தது; உயர்வு பின்வாங்கிற்று. அதே வங்க மொழி பேசும் டாக்காவிலே, 1969இல் மாணவர்கள் எழுப்பிய பதினோரு அம்சக் கோரிக்கையிலே பயணக் கட்டணச் சலுகையும் ஓர் அம்சம். 2021 இறுதியிலே அதே நகரத்து மாணவர் மீண்டும் தெருவுக்கு வந்த பின்னரே, டிசம்பர் 1 முதல் பாதிக் கட்டணம் கிடைத்தது. அதிலும் நிபந்தனை: காலை 7 மணி முதல் இரவு 8 மணி வரை, விடுமுறை நாளில் இல்லை! வேலி அங்கேயும் நம்மைப் போலத்தான்.

கடல்களைக் கடந்து சிலி நாட்டுக்கு வா. 2019 அக்டோபரில் சாண்டியாகோ நகரத்து மெட்ரோ, நெரிசல் நேரக் கட்டணத்தை 800 பெசோவிலிருந்து 830 ஆக்கிற்று. முதலில் கிளர்ந்தவர் யார்? பள்ளி மாணவர்! வியப்பு என்ன தெரியுமா, தோழா? மாணவர் கட்டணம் உயரவே இல்லை. உயர்ந்தது அவர்களின் தாய் தந்தையர் கட்டணம். உழைத்துக் களைத்து வரும் பெற்றோருக்காகப் பிள்ளைகள் தடுப்புக் கம்பியைத் தாண்டினர். நாடே எழுந்தது, உயர்வு நிறுத்தப்பட்டது. நம் நாட்டிலும் என்ன நடந்தது? 2018 சனவரி 20 அன்று பேருந்துக் கட்டணம் ஏறிற்று. கல்லூரிகள் வெறிச்சோடின, சாலைகள் நிரம்பின. சில நாட்களிலேயே அரசு ஒரு பகுதியைக் குறைத்தது. சிறு செய்தியா இது? சில்லறைக் காசிலே அரசுகள் தடுக்கி விழுந்த கதை இது!

சரி, தடுக்கி விழாத அரசு எப்படி நடக்கும்? செருமனியைப் பார். 1991இல் டார்ம்ஸ்டாட் நகரிலே ஓர் ஏற்பாடு தொடங்கிற்று. பல்கலைக்கழகத்தில் சேரும் ஒவ்வொரு மாணவனும் பருவக் கட்டணத்தோடு ஒரு சிறு தொகையைச் செலுத்துவான். நாள்தோறும் பயணிப்பவனும் செலுத்துவான். நடந்து வருபவனும் செலுத்துவான். எல்லோரும் கொடுப்பதால் ஒருவருக்கும் பாரம் இல்லை. மாணவ அட்டை ஒன்றே பயணச் சீட்டு! 'இவ்விடத்திலிருந்து இவ்விடம் வரை' என்ற வேலி அதிலே கிடையாது. நகரப் போக்குவரத்து எல்லை முழுவதும் அவனுடையது. அந்த ஏற்பாடு பல நகரங்களுக்குப் பரவி, 2024 கோடைப் பருவத்திலே, மாதம் 29.40 யூரோவுக்கு நாடு முழுதும் நகர வண்டிகளிலும் வட்டார ரயில்களிலும் செல்லும் சீட்டாக வளர்ந்தது. நம் பிள்ளைகளிடம் பணம் திரட்டச் சொல்லவில்லை நான். வேலியில்லாத சீட்டு வானத்து மலர் அன்று, மண்ணிலே பூத்த மலர் என்பதற்காகச் சொன்னேன்.

அவ்வளவு தொலைவு ஏன்? நம் வீட்டிலேயே பூத்திருக்கிறதே! 2021 மே மாதம், சாதாரணக் கட்டணப் பேருந்திலே மகளிருக்குக் கட்டணமில்லை என்ற ஆணை பிறந்தது. அந்தத் தாயிடம் யாராவது கேட்டார்களா, "அம்மா, நீ வேலைக்குப் போகிறாயா, கோயிலுக்குப் போகிறாயா, மகளைப் பார்க்கப் போகிறாயா?" என்று? எங்கே ஏறினாய், எங்கே இறங்குவாய், சான்றிதழ் எங்கே, முத்திரை எங்கே என்று கேட்டார்களா? கேட்கவில்லை. "ஏறு தாயே!" என்றார்கள். அவ்வளவுதான். மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழுவின் ஆய்வு கூறிற்று. கருவூலம் கவிழ்ந்ததா? வானம் இடிந்ததா? இல்லை! வீட்டுக்குள்ளே அடைந்து கிடந்த பெண் வெளியே வந்தாள். கல்லூரி மாணவிக்கும் அன்றே நகரத்தின் கதவு திறந்துவிட்டது. அவளுடைய வகுப்பிலே பக்கத்து வரிசையில் இருக்கும் ஏழைப் பையன் மட்டும் இன்னும் 'இவ்விடத்திலிருந்து இவ்விடம் வரை' நிற்கிறான்.

இன்னொரு வேடிக்கை. அரசுப் பள்ளியிலே படித்து உயர்கல்விக்கு வரும் மாணவியர்க்கு 2022இல் 'புதுமைப்பெண்' திட்டமும், மாணவர்க்கு 2024இல் 'தமிழ்ப் புதல்வன்' திட்டமும் மாதம் 1,000 ரூபாய் என்று வகுத்தன. வாழ்த்தினோம், இன்றும் வாழ்த்துவோம். ஆனால், மாநகரப் பேருந்தில் விருப்பம்போல் சுற்றிவரும் மாதச் சீட்டின் விலை என்ன? அதுவும் 1,000 ரூபாய்! வலக்கையால் வழங்கியதை இடக்கையால் வாங்கிக்கொள்வதா? புத்தகத்துக்கென்று கொடுத்தது புகைவண்டிக்கும் பேருந்துக்கும் போகலாமா? ஆனையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்கு வழக்காடுவது அரசுக்கு அழகாகுமா?

பாதிக் கட்டணச் சலுகையையும் எண்ணிப் பார். அரசுக் கல்லூரியிலே இடம் கிடைத்தவனுக்கு முழுச் சலுகை. கிடைக்காமல், தாயின் தாலியை அடகு வைத்துத் தனியார் கல்லூரியிலே சேர்ந்தவனுக்குப் பாதி! கல்லூரி யாருடையது என்று பார்த்து மாணவனின் வறுமையை அளக்கிறோம். முதலாளியின் கல்லூரியிலே படிப்பவனெல்லாம் முதலாளியின் பிள்ளையா? ஆண்டுக்குப் பல்லாயிரம் கேட்கும் கல்லூரிப் பேருந்தில் ஏற முடியாமல்தானே அவன் நம் வெள்ளைப் பலகை வண்டிக்கு வருகிறான்!

ஆகவே நம் கோரிக்கை மூன்று. ஒன்று: கல்லூரி மாணவர் அனைவருக்கும், கல்லூரி எவருடையதாயினும், நகரப் பேருந்திலே முழு இலவசம். இரண்டு: 'இவ்விடத்திலிருந்து இவ்விடம் வரை' என்ற வேலி நீங்கட்டும், நகர எல்லை முழுவதும், விடுமுறை நாளிலும் அந்தச் சீட்டு செல்லட்டும். மூன்று: சீட்டுக் கொடுத்தால் போதாது, வண்டி வேண்டும். இலை போட்டு, நீர் தெளித்து, சோறு வைக்காத பந்தி விருந்தாகாது. காலையிலும் மாலையிலும் கல்லூரித் தடங்களிலே சாதாரண வண்டிகள் கூடுதலாக ஓடட்டும். கோட்டையிலே யார் அமர்ந்தாலும் இதைக் கேட்போம். நம்மவர் அமர்ந்தால் இன்னும் உரிமையோடு கேட்போம்.

கேட்பவனுக்குக் கை சுத்தமாயிருக்க வேண்டும், தோழா. அதனாலே நம்மையும் பார்த்து இரண்டு சொல். 'பஸ் டே' என்ற பெயரிலே வண்டியின் கூரைமீது ஏறி ஆடிய பிள்ளைகளுக்கு மாலையும் மேளமும் வாங்கிக் கொடுத்தவர்களிலே நம் பகுதிக்காரரும் இருந்தாரா, இல்லையா? உயர்நீதிமன்றம் தடை விதித்த பின்னும், 'ரூட்டு தல' என்று பட்டம் சூட்டி, ஒரு தடத்து மாணவனை இன்னொரு தடத்து மாணவன்மீது ஏவி விட்டவர்களை நாம் கண்டித்தோமா? தேர்தல் நாளிலே கொடி பிடிக்க ஆள் கிடைக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டோம். 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையிலே படியில் தொங்கிய மாணவர் நால்வர் மாண்டனர். 2018 ஜூலையில் பரங்கிமலை ரயில் நிலையத்திலே, படியில் நின்றவர்கள் சுவரில் மோதி உயிரிழந்தனர். படியிலே தொங்குவது வீரம் அன்று. இடமில்லாமல் தொங்குகிறவனுக்கு வண்டி வேண்டும். வீம்புக்குத் தொங்குகிறவனுக்கு அண்ணன் வேண்டும். வண்டியை அரசு தரட்டும். அண்ணனாக நீ போ!

இன்னொன்று. கல்லூரி நடத்தும் செல்வந்தர் சிலர் நம் மேடையிலும் அமர்கின்றனர். அவர்களுடைய கல்லூரி வண்டியின் கட்டணத்தைப் பற்றி நாம் வாய் திறக்காமல், அரசின் வண்டியைப் பற்றி மட்டும் முழங்கினால், மாணவன் நம்மைப் பார்த்துச் சிரிப்பான். சிரிப்பதோடு நில்லான், நம்மைவிட்டு விலகியும் போவான்.

கல்லூரி திறக்கும் மாதம் வந்தால், உன் கிளை நிலையத்தின் வாசலிலே ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போடு. சலுகைச் சீட்டுக்கு எங்கே விண்ணப்பிப்பது, எந்தச் சான்று வேண்டும் என்று அறியாமல் முதல் மாதத்தைக் காசு கொடுத்தே கழிக்கும் பிள்ளைகள் உன் தெருவிலேயே இருக்கின்றனர். கல்லூரிக்குப் போகும் முதல் தலைமுறை அது; வீட்டிலே சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. நீ சொல்லிக் கொடு. படிவத்தை நிரப்பிக் கொடு. உன் தடத்திலே காலை ஏழு முதல் ஒன்பது வரை எத்தனை சாதாரண வண்டி வந்தது, எத்தனை நிற்காமல் போயிற்று என்று ஒரு வாரம் குறித்து வை. அந்தக் கணக்கோடு பணிமனை மேலாளரைப் பார். சட்டமன்ற உறுப்பினரைப் பார். முழக்கத்துக்கு மறுப்புச் சொல்வார்கள். கணக்குக்கு விடைதான் சொல்ல வேண்டும்.

நாளை திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்கு அந்த நிறுத்தத்திலே அந்தப் பிள்ளை நின்றுகொண்டிருப்பான். அவனருகிலே போய் நில். கையில் ஒரு குறிப்பேடும் எழுதுகோலும் எடுத்துச் செல், தோழா!